ஒட்டாமல் விட்ட தாள்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, வாய்தான் நிற்காது. மருந்து கலக்குகிறவளுக்கு அது போதும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கை சுத்தமாக இருந்தால் வாய் எப்படிப் போனால் என்ன என்ற திமிர். அந்தத் திமிர் எப்படி அடங்கியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக் கடை. முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். மருந்தாளர் படிப்பு முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு பெண் அந்த வேலைக்கு வந்தது அப்போது தெருவுக்கே வேடிக்கை. சும்மா எட்டிப் பார்ப்பதற்காகவே தலைவலி மாத்திரை வாங்க வருவார்கள். நான் முறைத்தால் போய்விடுவார்கள். பாய்க்கு அதில் சந்தோஷம்தான். "இந்தப் பொண்ணு நிக்கிற வரைக்கும் கடையில ஒரு வம்பும் வராது" என்பார்.

மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்த ஒரு மூலை என் ராஜ்ஜியம். ஒரு மேஜை, சின்னத் தராசு, பீங்கான் கல்வம், அவுன்ஸ் கிளாஸ், கோந்து டப்பா, கத்தரிக்கோல். கம்பெனிகள் அனுப்பும் மாத்திரைகள் எல்லாம் ஒரே அளவு. ஆட்கள் ஒரே அளவில் பிறப்பதில்லையே. தொண்டையில் கட்டி வந்த கிழவருக்கு மாத்திரை இறங்காது; அதைத் தண்ணீர் மருந்தாக்க வேண்டும். ஒருத்திக்குக் களிம்பில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. அதை விலக்கி வேறு களிம்பு இழைக்க வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பெரியவர்களின் மாத்திரையில் எத்தனை பங்கு என்று எதிர் வரிசை டாக்டர் கணக்குப் போட்டு எழுதி அனுப்புவார். நான் மாத்திரைகளைக் கல்வத்தில் போட்டு மாவாக இடித்து, கொஞ்சம் கோந்துப் பசையில் குழைத்து, சர்க்கரைப் பாகு ஊற்றிக் கரைத்து, பாட்டிலில் அளந்து நிரப்புவேன். ஒரு ஆளுக்கு ஒரு மருந்து. இன்னொருவருக்கு அது மருந்தே இல்லை, சில சமயம் விஷம்.

நிரப்புவதோடு வேலை முடியாது. கடைசி வேலைதான் முக்கியம். பாட்டிலின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டுவேன். அதை இரண்டு தடவை பாதியாக மடித்தால் நாலு பங்கு, நாலு தடவை மடித்தால் பதினாறு பங்கு. மடிப்பு விழுந்த இடங்களில் ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னப் பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கத்தில் கோந்து தடவி ஒட்டிவிடுவேன். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்வரை மருந்து இறங்கினால் ஒரு வேளை. இதை எல்லோரும் கோடு என்பார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் கோடு தெரியும். ஸ்பூனை நான் நம்புவதில்லை. ஒரு வீட்டில் ஸ்பூன் என்பது இன்னொரு வீட்டில் கரண்டி. கோடு எல்லா வீட்டிலும் கோடுதான் என்று பெருமையாகச் சொல்லுவேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்கள் அவை. எங்கள் பக்கத்தில் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஒரு கூட்டம் எழுந்து நின்றது. கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் அன்றைக்கும் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு மறியல், பத்து நாளுக்கு ஒரு கடையடைப்பு என்று ஊர் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தது. சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி வந்தால் சனங்கள் அரிசி வாங்க ஓடுவார்கள். இரண்டு பேர் தெருமுனையில் நின்று மெல்லப் பேசினால், மூன்றாவது ஆள் வேறு தெரு வழியாகப் போவான். யாரையாவது புதிதாகப் பார்த்தால் "யாரு வூட்டுப் பொண்ணு" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

லாரிகள் ஒழுங்காக வராததால் எங்களுக்குக் காலி பாட்டில் தட்டுப்பாடு. கலவை மருந்து வேண்டுபவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கழுவிக் கொண்டுவர வேண்டும் என்று பாய் பலகையில் எழுதி வைத்தார். சனங்களும் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணெய் பாட்டில், பன்னீர் பாட்டில், பிராந்தி குவார்ட்டர் பாட்டில். சிலர் முன்பு எங்களிடம் வாங்கிய மருந்துப் பாட்டிலையே கொண்டுவருவார்கள். அதில் பழைய கோட்டுத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, புது மருந்துக்குப் புதுத் தாள் ஒட்ட வேண்டும். இது பெரிய வித்தை இல்லை. மறக்காமல் இருந்தால் போதும்.

அன்று நடுப்பகல் இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன். அவனுக்கு வலிப்பு, ஒரு மாதத்தில் நாலைந்து தடவை வந்திருக்கிறது. டாக்டர் அவனை எடை பார்த்து, வலிப்பு மாத்திரையைக் கரைத்துப் பதினாறு வேளைக்குக் கலக்கச் சொல்லி எழுதியிருந்தார். தினம் ராத்திரி ஒரு வேளை மட்டும். சீட்டின் கீழே 'அளவு மிக முக்கியம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எனக்கே சொல்லித் தருகிறாரா என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

அவள் ஒரு குவார்ட்டர் பாட்டில் கொண்டுவந்திருந்தாள். சில மாதங்களுக்கு முன் அவள் புருஷனின் இருமலுக்கு நான்தான் அதில் மருந்து கலந்து கொடுத்திருந்தேன். இரண்டு நாள் மருந்து, நாலு கோடு. அந்தத் தாள் அப்படியே இருந்தது. என் ஒட்டு அவ்வளவு லேசில் விடாது.

மாத்திரையை எண்ணினேன், இடித்தேன், குழைத்தேன், நிரப்பினேன். புதுத் தாளை நாலு தடவை மடித்துப் பதினாறு பங்கு வெட்டினேன். அதில் கோந்து தடவப் போகும்போது தெருவில் ஷட்டர்கள் இறங்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நாளைக்குத் தொடங்கும் என்று சொன்ன மறியலை இன்றைக்கே தொடங்கிவிட்டார்கள், உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினான். பாய் உள்ளே எட்டிப் பார்த்து, "சீக்கிரம் முடி, கச்சிராயபாளையம் பஸ் கெளம்பப் போவுதாம். இதான் கடைசி வண்டி" என்றார்.

மலையடிவாரத்துக்குப் போக அந்தப் பெண்ணுக்கு அதை விட்டால் வேறு வண்டி இல்லை. பையன் அழத் தொடங்கினான். நான் பாட்டிலை மூடி, துடைத்து, அவள் கையில் திணித்தேன்.

"ராத்திரிக்கு ஒரு கோடு. நல்லா குலுக்கிட்டு ஊத்து. ஒரு சொட்டு கம்மியும் ஆவக் கூடாது, ஜாஸ்தியும் ஆவக் கூடாது."

அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். போக அடி எடுத்து வைத்தவள் நின்று, விரலைத் தாளில் வைத்து, "இந்தக் கோடாங்கம்மா? இவ்ளோவா?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கோடுன்னா கோடுதான்! எத்தினி தரம் சொல்றது? உனுக்கு வைத்தியம் தெரிஞ்சா நீயே கலக்கிக்க. போ, பஸ்ஸு போய்டும்" என்றேன்.

அவள் போனாள். முந்தானையில் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு பிள்ளையோடு ஓடியதை ஷட்டரின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பஸ்ஸைப் பிடித்துவிடுவாள் என்று நிம்மதிகூட வந்தது.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஊரில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. தூரத்தில் இரண்டு இடத்தில் புகை எழுந்தது. எங்கேயோ போலீஸ் சுட்டுவிட்டதாகச் சொன்னார்கள், யாரும் சாகவில்லை என்றார்கள், பிறகு செத்துவிட்டார்கள் என்றார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம்.

மூன்றாம் நாள் காலையில், அவசரத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்காகப் பாய் பாதி ஷட்டரைத் தூக்கினார். நானும் சந்து வழியாகப் போய்ச் சேர்ந்தேன். மேஜையைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். கல்வத்துக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது ஒரு காகிதப் பட்டை. எடுத்து விரித்தேன். ஓரமெல்லாம் பல் வெட்டியிருந்தது. எண்ண வேண்டியதே இல்லை, ஆனாலும் எண்ணினேன். பதினாறு.

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வேளை மருந்து இருக்கும் பாட்டிலில் நாலு கோட்டுத் தாள். அவள் ஊற்றும் ஒரு கோட்டில் நாலு வேளை மருந்து. அது தூங்கவைக்கும் மருந்து. அளவு மீறினால் மூச்சையும் சேர்த்துத் தூங்கவைக்கும். முந்தாநாள் ராத்திரி ஒரு கோடு. நேற்று ஒரு கோடு. இன்று விளக்கு வைத்ததும் மூன்றாவது கோடு ஊற்றுவாள். அவள் கேட்டாளே, இவ்ளோவா என்று கேட்டாளே. நான் சொன்ன பதில் அந்த மூலையில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பாயிடம் தாளைக் காட்டினேன். முப்பது வருஷம் மருந்துக் கடை வைத்திருப்பவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"டாக்டரு?"

"ஊருக்குப் போனவரு வழியில மாட்டிக்கினாரு பாய். கிளினிக்கு பூட்டிக் கெடக்குது."

"அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

கலவை நோட்டில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தேன். மலையடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறவேண்டிய சின்ன ஊர். அங்கே தபால்காரரே வாரத்துக்கு ஒரு தடவைதான் போவார்.

"நான் போறேன் பாய்."

"ஒருத்தியாவா?"

"நான்தான செஞ்சேன்."

பாய் தன் சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தார். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த, சிவப்புக் கூட்டல் குறி போட்ட தகரத்தைக் கழற்றி ஹேண்டில்பாரில் கம்பியால் கட்டினார். "யாரு கேட்டாலும் எதுத்துப் பேசாத. உன் வாய் எனுக்குத் தெரியும்" என்றார். நான் அந்தப் பதினாறு கோட்டுத் தாளை நோட்டுக்குள் வைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கோந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் ரோட்டை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன. வெட்டின இடம் இன்னும் ஈரமாக, சிவப்பாக இருந்தது. கூடு இழந்த காக்கைகள் கத்திக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சில இடத்தில் தகரத்தைப் பார்த்ததுமே கையசைத்து விட்டார்கள். சில இடத்தில் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்று, யாரு வூட்டுப் பொண்ணு என்று கேட்டார்கள். பாய் சொன்னபடி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக் கிளைகளுக்குள் நுழைந்து நுழைந்து என் கையெல்லாம் சிராய்ப்பு. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்னால் கடைசி மரம். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை.

"எங்க போற?"

"மலைக்குங்க. ஒரு கொழந்தைக்கு மருந்து எடுத்துக்கினு போறேன்."

"பைய காட்டு."

காட்டினேன். நோட்டையும் கோந்து டப்பாவையும் எடுத்துப் பார்த்தார். பையைக் கவிழ்த்து உதறினார். நோட்டிலிருந்து அந்தத் தாள் அவர் காலடியில் விழுந்தது. எடுத்துப் பிசின் ஒட்டிய விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார்.

"மருந்து எங்க?"

என்னிடம் மருந்து இல்லை. பின்னால் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். வேவு பார்க்க வந்தவள் என்று ஒருவன் சொன்னான். போலீஸுக்குச் சேதி கொண்டுபோகிறாள் என்றான் இன்னொருவன்.

"அந்தத் தாள்தாங்க" என்றேன். "மருந்து அங்க இருக்குது. இந்தத் தாள் அந்த பாட்டில்ல இல்லன்னா அது வெஷம். இன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள நான் போவலன்னா ஒரு கொழந்த செத்துரும்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"நீ பாய் கடையில மருந்து கலக்கற பொண்ணுதான? எங்கம்மாவுக்குக் கால் புண்ணுக்கு நீதான் களிம்பு கொடுத்த. கன்னாபின்னான்னு திட்டினியாமே."

"ஆமாங்க" என்றேன்.

அவர் தாளை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். சைக்கிளை ஒரு கையால் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். "போ. யாரும் சாவணும்னு நாங்க ஒக்காரல, எங்க புள்ளைங்களுக்குத்தான் ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் என்மேல் இல்லை.

மலையடிவாரத்தில் அணைக்குப் பக்கத்து டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏறினேன். கடைக்காரர் காட்டிய ஒற்றையடிப் பாதை. ஏற ஏறக் கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. ரோடு அங்கங்கே துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு வண்டிகூட நகரவில்லை. அந்தப் பிள்ளையை இந்த வழியாகத்தானே கீழே கொண்டுவர வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் மூச்சு வாங்கியதுகூட மறந்துபோயிற்று.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊருக்குள் நுழைந்தேன். பத்துப் பதினைந்து கூரை வீடுகள். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டேன். கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"வாங்கம்மா! இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க? உங்க கைய கண்ணுல ஒத்திக்கணும். ரெண்டு நாளா ஒரு இழுப்புகூட வரல. நல்லா தூங்கினுகிறான்."

"எப்பத்திலிருந்து தூங்கறான்?"

"நேத்து ராத்திரி மருந்து குடிச்சதிலிருந்து. கஞ்சிகூட கேக்கல. நானும் எழுப்பல, பாவம்."

உள்ளே ஓடினேன். பையன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். கன்னத்தைத் தட்டினேன். அசையவில்லை. கையைத் தூக்கி விட்டேன், துணி விழுவது போல விழுந்தது. மூக்கருகே என் புறங்கையை வைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. உள்ளங்காலில் நகத்தால் அழுத்திச் சுண்டினேன். கால் கொஞ்சமாக இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது.

"மருந்து ஒத்துக்கல. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணும்" என்றேன். ஒத்துக்கல என்றுதான் சொன்னேன். தப்பு செய்தேன் என்று சொல்லவில்லை.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கணவன் கரும்பு வெட்டக் கீழே போனவன், ரோடு அடைத்ததால் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட வெளியே ஓடினாள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். மாடத்தில் பாட்டில் இருந்தது. சரியாகப் பாதி காலி.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். குடத்துத் தண்ணீரைத் தொட்டுப் பழைய தாளை நனைத்தேன். நகத்தால் சுரண்டி எடுத்தேன். புதுத் தாளில் கோந்து தடவி அதே இடத்தில் ஒட்டினேன். வேறு யாராவது தெரியாமல் மறுபடி ஊற்றிவிடக் கூடாதே, அதற்குத்தான். அப்படித்தான் நினைத்தேன். சுரண்டிய பழைய தாளை உருட்டி அடுப்பில் போட்டதை மட்டும் அந்தக் காரணத்துக்குள் அடக்க முடியவில்லை. நிமிர்ந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையைப் போர்வையில் சுற்றினாள். பாட்டிலை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

இரண்டு ஆட்கள் மாற்றி மாற்றிப் பிள்ளையைச் சுமந்து இறங்கினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன், மூச்சு வருகிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டு. கடைசி மரத்தடியில் அதே ஆள் நின்றிருந்தார். பிள்ளையைப் பார்த்தார். யாரிடமோ ஒரு மொபெட்டைப் பிடுங்கி, தாயையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். வெட்டியவர்களே தூக்கினார்கள். "கொழந்த வருது, கொழந்த வருது" என்ற குரல் எனக்கு முன்னால் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. டீக்கடையில் விட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த நான் பின்தங்கிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைந்தபோது நடுராத்திரி ஆகியிருந்தது. பையன் மேஜைமேல், மூக்கில் குழாயோடு. டியூட்டி டாக்டர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. இரண்டு நாளாகத் தூங்காத கண். பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வேளைக்கு ஒரு கோடுன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க சார்."

"ரெண்டு ராத்திரிக்கு எத்தனை கோடு போயிருக்கணும்? ரெண்டு. இங்க எட்டு காலி. நாலு நாலா ஊத்தியிருக்க. அவங்க இவ்வளவு ஒழுங்கா வெட்டி ஒட்டிக் குடுத்திருக்காங்க, அதைக்கூடப் பார்க்கத் தெரியாதா? பெத்த பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே!"

நான் கதவருகில் நின்றிருந்தேன். என் வாய், ஊரே பயப்பட்ட என் வாய், அங்கே திறந்திருக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும். தப்பு என்னுது. அவ்வளவுதான். திறக்கவில்லை. சான்றிதழ், வேலை, வீட்டில் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

"தப்புதாங்க சார்" என்றாள் டாக்டரிடம். "எனக்குக் கோடு புரியலீங்க."

மூன்று நாள் கழித்துப் பையன் கண் திறந்தான். அதற்குள் ரோடும் திறந்துவிட்டது. அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன், உள்ளே போகவில்லை. பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டருகிட்ட சொல்லிட்டியா?" சொல்லிவிட்டேன் என்றேன். அல்லாவுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். அவர் என்னை நம்பியது பொறுக்க முடியாமல் பலகைக்குப் பின்னால் போய் அழுதேன். அழுததாலும் ஒன்றும் மாறவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். பையன் இடுப்பில், கொஞ்சம் மெலிந்து, ஆனால் கையை நீட்டி மிட்டாய் டப்பாவைக் காட்டிக்கொண்டு. ஊர் திரும்பிய எங்கள் டாக்டர் மறுபடி மருந்து எழுதியிருந்தார், முன்பைவிடக் கொஞ்சம் குறைத்து, அதே பதினாறு வேளைக்கு. அவனுக்கு இந்த மருந்து இல்லாமல் ஆகாது. அந்த அளவுக்கு அதைக் கலக்க அப்போது கள்ளக்குறிச்சியில் வேறு ஆளும் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் என்னைக் காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் இரக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வதும் என் திமிர்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒரு துணுக்குக் காகிதம் இல்லை, கோந்துக் கறைகூட இல்லை.

"பழைய தாள நானே ஊற வெச்சி சொரண்டிட்டேங்கம்மா" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "அவசரத்துல நீங்க மறந்துருவீங்க."

அவளை உள்ளே வரச்சொல்லி முக்காலியில் உட்காரவைத்தேன். கலக்கி நிரப்பிவிட்டு, அவள் கண் முன்னால் தாளை மடித்து வெட்டி ஒட்டினேன். ஈரம் காய்வதற்குள் அவள் பாட்டிலைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பல்லாக விரல் வைத்து எண்ணினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறும் எண்ணி முடித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.